அரிசி விலையும் அரசாங்கக் கடனும்

கொரியப் போரினால் உயர்ந்திருந்த இறப்பர் விலை சரிந்து, திறைசேரி வற்றிய காலம். 1953 யூலையில் கூப்பன் அரிசி கொத்தொன்று 25 சதத்திலிருந்து 70 சதமாயிற்று. மானியச் சுமை தாங்காதென்று நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனா கணக்குக் காட்டினார். கணக்கு மெய்யே, அதைப் பசித்தவன் ஏற்பானா? ஒகஸ்ட் 12 இல் ஹர்த்தால், துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. ஒக்ரோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார்.

பின்வந்த தலைவர்கள் இதிற் கற்ற பாடம் யாது? செலவைச் சுருக்குவதன்று, செலவின் விலையை மக்கள் கண்ணிற் படாமல் வைப்பது. அதற்குக் கடன் வாய்ப்பாயிற்று. அதை இறுக்கப்போகும் பிள்ளைக்கு வாக்குச்சீட்டில்லையே! 2007 இல் முதன்முறையாகச் சர்வதேசச் சந்தையில் 50 கோடி டொலருக்குப் பிணைமுறி விற்றோம். வட்டி 8.25 வீதம், தவணையோ ஐந்தே ஆண்டு. நாட்டின் பெருவேலை எதுவும் ஐந்தாண்டிற் போட்ட முதலைத் திருப்பித் தருவதில்லை. ஆகவே பழைய முறியைத் தீர்க்கப் புதிய முறி எழுதுவது வழக்கமாயிற்று. 2019 டிசெம்பரில், வருமானம் போதாத வேளையிலே, பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தார்கள். அன்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன்; ஒளிப்பானேன்?

2022 ஏப்பிரல் 12 இல் வெளிநாட்டுக் கடனை இறுப்பதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. யூலையில் சனாதிபதி கோத்தபாய ராஜபக்ச நாட்டைவிட்டு வெளியேறிப் பதவி விலகினார். ஒகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. கடற்றொழிலாளர் பலர் வள்ளங்களைக் கரையேற்றினர்.