பந்தயக் கணக்கும் இயந்திர முகவரும்

மனிதர் ஏவிய பணியைத் தாமே ஆராய்ந்து முடிக்கும் செயற்கை அறிவு முகவர்கள் இன்று தோன்றியுள்ளன. விளையாட்டுப் பந்தய விகிதங்களை அவை கேட்டறிவதற்கெனக் கருவிகளும் உள. 2024 நவம்பரில் அந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட 'மொடல் கொன்டெக்ஸ்ட் புரொட்டகோல்' என்னும் ஒழுங்கின்படி, கருவியானது தன் பெயரையும், பயனையும், தனக்கு வேண்டிய தரவுகளின் அமைப்பையும் எழுத்தில் அறிவிக்கிறது. அவ்விளக்கத்தைப் படித்தே முகவர் கருவியைக் கையாளும்.

அதில் ஒரு சொல் குறைந்தால் நேர்வது யாது? பிரித்தானிய முறையில் 5/2 என்றால், 2 பவுண் கட்டி வென்றவன் 5 பவுண் இலாபத்தோடு கட்டிய பணத்தையும் பெறுவான். தசம முறையில் இது 3.50; வெற்றி வாய்ப்பு ஏறத்தாழ 28.6 வீதம். முறை இன்னதெனக் குறிக்காவிடின், முகவர் அதனை 2.50 எனக் கொண்டு 40 வீதமென உரைக்கக்கூடும். கேட்டவன் அதை நம்பிப் பணத்தை இழப்பான்.

நல்ல விளக்கம் இன்னோர் உண்மையையும் மறையாது. சமபலமுள்ள இருவருக்கும் 1.90 என விகிதம் அளித்தால், இரு வாய்ப்புகளின் கூட்டு 105.26 வீதமாகும். நூற்றுக்கு மேற்பட்டதே பந்தயம் ஏற்பவரின் ஆதாயம். இயந்திரம் எத்துணை விரைந்து கணித்தாலும் அம்மிகுதி தானாக மறையாது. முகவரை ஏவுவோர் முதலில் இக்கணக்கைத் தாமே தாளிற் போட்டுப் பார்த்தல் நன்று.