கணினியில் உரைக்கோப்பைத் திறத்தலும் படித்தலும்

ஓர் ஏட்டைத் திறத்தல் வேறு. அதனைப் படித்தல் வேறு. பனையோலைச் சுவடியின் கட்டை அவிழ்ப்பதற்குக் கையிரண்டும் போதும். அவ்வோலையிற் கீறப்பட்டிருப்பது இன்னதென உணர்தற்கோ, அதனை எழுதினோர் கைக்கொண்ட எழுத்து வழக்கைப் பற்றிய அறிவு வேண்டும். பழஞ்சுவடிகளிற் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஒகரங்களிற் குறில் நெடில் வேறுபாடு காட்டப்படுவதில்லை. காலும் ரகரமும் ஒரே வடிவாய் நிற்கும். ஆதலின் சி. வை. தாமோதரம்பிள்ளை, உ. வே. சாமிநாதையர் முதலிய பதிப்பாசிரியர்கள் ஓலையிற் கண்ட கீறல்களை அப்படியே பெயர்த்தெழுதினாரல்லர். எவ்வழக்கில் அவை எழுதப்பட்டன என்று துணிந்து, அத்துணிபின் வழிப் படித்தார்கள்.

இவ்வுண்மை ஓலைக்கு மாத்திரம் உரியதன்று. இந்நாளில் ஒருவர் கணினித் திரையிற் சுட்டியை அழுத்தி ஓர் உரைக்கோப்பைத் திறக்கும்போதும் இவ்விரு செயல்களுமே நிகழ்கின்றன. கண்ணிமைக்கும் பொழுதினுள் நிகழ்தலால் அவை ஒன்றேபோலத் தோன்றுகின்றன. அவற்றை வேறுபிரித்து அறியாமையாற் பல தமிழ் ஆக்கங்கள் வீணே அழிந்துபடுதலுண்டு. ஆதலின் அவ்வேறுபாடு ஆராய்தற்குரியது.

உரைக்கோப்பு என்பது யாது? எழுத்துகளின் தொகுதி என்று விடை கூறுவோர் பலர். உண்மையிற் கணினியின் சேமிப்பகத்தில் எழுத்து என்பதொன்று இல்லை, ஆங்குள்ளவை எண்களே. 0 முதல் 255 வரையுள்ள எண்களுள் ஒன்றைக் கொள்ளுஞ் சிறுகூறு பைற்று எனப்படும். அத்தகைய பைற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதே கோப்பு. சொற்செயலியில் ஆக்கப்பட்ட ஆவணம் தன்னுள்ளே எழுத்துருவின் பெயர், அளவு, பக்க அமைப்பு முதலியவற்றையும் பொதிந்து வைத்திருக்கும். வெற்று உரைக்கோப்போ இவற்றுள் ஒன்றையுங் கொள்ளாது. எளிமையே அதன் வலிமை. எக்கணினியிலும் எச்செயலியாலும் அதனைத் திறக்கலாம். அவ்வெளிமையே அதன் குறைபாடுமாகும். தன் எண்களை எம்முறையால் எழுத்தாக்க வேண்டும் என்னுங் குறிப்பும் பெரும்பாலும் அதனுள் இராது.

முதலிலே திறத்தலை நோக்குவோம். முற்காலத்திற் கணினியைக் கையாண்டவர் கோப்பின் பெயரைப் பிழையின்றித் தட்டச்சிட வேண்டியிருந்தது. சாளரமும் பட்டியலும் சுட்டியும் கொண்ட இடைமுகம், செரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ரோ ஆய்வகத்தில் 1970களில் உருப்பெற்றது. 1984இல் வெளிவந்த மக்கின்ரொஷ் கணினியாற் பொதுமக்களிடையே பரவிற்று. 1985இல் வெளிவந்த விண்டோஸ் முதற்பதிப்பிலேயே நோட்பாட் என்னும் சிறு உரைச்செயலியும் இடம்பெற்றிருந்தது. இத்தகைய செயலியிற் ‘திற’ என்பதைத் தெரிந்தவுடன் கோப்புகளின் பெயர்களைக் காட்டுஞ் சாளரமொன்று தோன்றும். அச்சாளரமே கோப்பைத் திறக்கின்றது என்பது பலர் கருத்து. அது கோப்பைத் திறப்பதன்று. பயனர் தெரிந்த கோப்பின் பெயரையும் அஃதிருக்கும் இடத்தையுஞ் செயலியிடம் ஒப்படைப்பதே அதன் பணி.

அப்பெயரைப் பெற்ற செயலி இயங்குதளத்தை வேண்டுகின்றது. அத்தகைய கோப்பு உளதா, அதனைப் படிக்கும் உரிமை இப்பயனருக்கு உண்டா, பிறிதொரு செயலி அதனைத் தனக்கெனப் பூட்டி வைத்துளதா என்பவற்றை இயங்குதளம் ஆராயும். தடையில்லையெனில் அடையாளம் ஒன்றை மீட்டளிக்கும். யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் இவ்வடையாளம் ஒரு சிற்றெண்ணாகும். 0, 1, 2 என்பன உள்ளீடு, வெளியீடு, பிழைச்செய்தி ஆகிய மூன்றுக்கும் முன்னரே உரியனவாதலின், ஒரு செயலி முதலிலே திறக்குங் கோப்புக்கு 3 என்னும் எண்ணே வழக்கமாகக் கிடைக்கும். அதன்பின் அவ்வெண்ணைக் காட்டியே செயலி பைற்றுகளைக் கேட்டுப் பெறும். திறத்தல் என்பது இவ்வளவே. இதுகாறும் ஓரெழுத்தேனும் படிக்கப்படவில்லை என்பது கருதத்தக்கது.

இனிப் படித்தல். 1963இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட அஸ்கி என்னும் நியமம் 0 முதல் 127 வரையுள்ள எண்களை ஆங்கில எழுத்துகளுக்கும் இலக்கங்களுக்கும் குறிகளுக்கும் உரியவாக்கிற்று. தமிழுக்கு அதில் இடமில்லை. ஆகவே தமிழிற் கணினியைப் பயன்படுத்தப் புகுந்தோர் இருவேறு வழிகளை மேற்கொண்டனர். திஸ்கி முதலிய முறைகள் 127க்கு மேற்பட்ட எண்களிலே தமிழை அமைத்தன. இலங்கையிற் பெருவழக்குற்ற பாமினி எழுத்துருவோ ஆங்கில எழுத்துகளின் எண்களிலேயே தமிழ் வடிவங்களை ஏற்றிற்று. பாமினியில் ‘தமிழ்’ என்னுஞ் சொல் 106, 107, 112, 111, 59 என்னும் ஐந்து பைற்றுகளாய் நிற்கும். இவை அஸ்கி முறைப்படி ஜே, கே, பீ, ஓ என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகும். பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் அச்சொல் பொருளற்ற ஆங்கில எழுத்துக்கோவையாய்த் தோன்றுவதன் காரணம் இதுவே.

1991இல் முதற்பதிப்பு வெளிவந்த யூனிக்கோட்டு நியமம் உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண்களை வழங்கிற்று. தமிழுக்கு 2944 முதல் 3071 வரையுள்ள இடங்கள் ஒதுக்கப்பட்டன. தகரத்தின் எண் 2980. இவ்வெண் 255இனும் பெரிதாகலின் ஒரு பைற்றில் அடங்காது. கென் தொம்சனும் றொப் பைக்கும் 1992இல் வகுத்த யூரிஎஃப்-8 என்னும் முறையில் அது 224, 174, 164 என்னும் மூன்று பைற்றுகளாகப் பகுத்து எழுதப்படும். ‘தமிழ்’ என்னுஞ் சொல்லில் தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறியெண்கள் உள. ஒவ்வொன்றுக்கும் மும்மூன்றாக அது பதினைந்து பைற்றுகளைக் கொள்ளும். ஒரே சொல் பாமினியில் ஐந்து பைற்றுகளாகவும் யூரிஎஃப்-8 முறையிற் பதினைந்து பைற்றுகளாகவும் நிற்றலை நோக்குக. எண்களை மாத்திரங் கொண்டு எழுத்தைத் துணிதல் இயலாது என்பது இதனாற் பெறப்படும்.

செயலி இம்முறையை எவ்வாறு அறிகின்றது? பயனர் கூறாதவிடத்து அது ஊகித்தே அறிகின்றது. சில கோப்புகளின் தொடக்கத்தில் 239, 187, 191 என்னும் மூன்று பைற்றுகள் அடையாளமாக இடப்பட்டிருக்கும். அவை யூரிஎஃப்-8 முறையைக் குறிப்பன. அவ்வடையாளம் இல்லையாயினும், யூரிஎஃப்-8 முறையிற் பைற்றுகள் நிற்கும் ஒழுங்கு மிகவுங் கட்டுப்பாடானது. 224 வந்தால் அதன்பின் 191க்கு மேற்படாத, 127இனும் பெரிய இரு பைற்றுகள் வந்தே தீரவேண்டும். பிறமுறையில் எழுதிய நீண்டதோர் உரை தற்செயலாக இவ்வொழுங்கிற் பொருந்துதல் அரிது. ஆயினும் உரை சிறிதாயின் ஊகம் பிழைக்கும். 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பீயின் நோட்பாட்டிலே, நான்கு சிறு சொற்களாலாகிய பதினெட்டு எழுத்து ஆங்கிலத் தொடரொன்றைச் சேமித்து மீளத் திறந்தால், அது ஒன்பது சீன எழுத்துகளாகத் தோன்றியதுண்டு. இரண்டு பைற்றுகளுக்கு ஓரெழுத்து என்னும் முறையில் எழுதப்பட்டது எனச் செயலி பிறழ ஊகித்ததே அதன் காரணம். கோப்பிலே ஒரு குற்றமுமில்லை. படித்த முறையே குற்றமுடைத்து.

வரி முடிவிலும் இத்தகைய வழக்கு வேறுபாடு உண்டு. யுனிக்ஸ் 10 என்னும் பைற்றால் வரியை முடிக்கும். விண்டோஸ் 13, 10 என்னும் இரண்டாலும் முடிக்கும். நோட்பாட் 2018 வரை முன்னையதை வரிமுடிவாகக் கொள்ளாமையால், யுனிக்சில் எழுதிய உரை முழுவதும் அதிலே ஒரே நெடுவரியாய்க் கிடந்தது.

பெருங்கோப்பைப் படிப்பதிற் பிறிதொரு நுட்பமும் உண்டு. சாளரச் செயலி சுட்டியின் அசைவு, விசையின் அழுத்தம், திரையை மீள வரைதல் ஆகியவற்றை வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக ஆற்றுவது. அவ்வரிசையை ஆற்றும் இழையே கோப்பு முழுவதையும் படிக்கப் புகுந்தால், படித்து முடியும்வரை சாளரம் அசைவற்றிருக்கும். பயனர் செயலி இறந்ததெனக் கருதி அதனை மூடிவிடுவர். எனவே படித்தலைத் தனியோர் இழையிடம் விட்டு, உரையைப் பகுதி பகுதியாகப் பெறுதல் முறையாகும். பகுதியொன்றுக்கு 4096 பைற்றுகள் எனக் கொண்டால் அதில் மூன்று பைற்று எழுத்துகள் 1365 அடங்கி ஒரு பைற்று எஞ்சும். எஞ்சிய பைற்றை அடுத்த பகுதியோடு சேர்த்துப் படிக்காத செயலியில், ஆங்கிலம் செம்மையாகத் தோன்றத் தமிழ் இடையிடையே சிதையும். ஆங்கில உரையை மாத்திரங் கொண்டு சோதித்தவர் இப்பிழையை ஒருபோதுங் காணார்.

இவற்றையெல்லாம் அறிதலாற் பயன் என்னை எனின், சிதைந்து தோன்றும் உரையைக் கண்டவிடத்து நோயின்னதென அறிந்து மருந்து தேடலாம். திரையெங்கும் மேலே சாய்கோடிட்ட ஆங்கில ஏயும், வட்டத்துள் நிற்கும் ஆரும் மீண்டும் மீண்டும் வருமாயின், அது யூரிஎஃப்-8 முறையிலுள்ள தமிழை மேலைநாட்டு முறையாற் படித்ததன் விளைவு. 224, 174 என்னும் எண்களே அவ்வாறு தோன்றுகின்றன. முறையை மாற்றித் திறந்தாற் போதும். அரைப்புள்ளிகள் மலிந்த ஆங்கில எழுத்துக்கோவையாயின் அது பாமினி போன்ற எழுத்துருவில் எழுதப்பட்டதாகலாம். வெறுங் கட்டங்களாயின் எழுத்துருவே இல்லை. இம்மூன்றிலும் உரை அழிந்திலது.

அழிவு நேர்வது சேமிக்கும்போதே. பிறழப் படித்த செயலி, தனக்கு விளங்காத பைற்றுகளுக்கு ஈடாக ஐயக்குறியை இட்டுக் காட்டும். அந்நிலையில் ‘சேமி’ என்பதை அழுத்தினால், மூலத்தின் எண்கள் நீங்கி ஐயக்குறியின் எண்ணே கோப்பிற் பதியும். எல்லா எழுத்தும் ஒரே எண்ணாயினபின் எது தகரம், எது மகரம் என எவராலுங் கூறவியலாது. எனவே சிதைந்து தோன்றும் கோப்பைச் சேமியாது மூடுதலே முதற்கடமை.

பழைய கோப்பை யூனிக்கோட்டுக்கு மாற்றுதலிலும் விழிப்பு வேண்டும். பாமினியிற் ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் எனக் கண்ணுக்குத் தோன்றும் ஒழுங்கில் மூன்றாய் நிற்கும். யூனிக்கோட்டில் ககரமும் ஒகரக்குறியும் என ஒலியின் ஒழுங்கில் இரண்டாய் நிற்கும். எண்ணுக்கு எண் மாற்றுதல் போதாது, இடமும் மாற்றவேண்டும். மேலும் பாமினி உரையினிடையே ஆங்கிலச் சொல் வருமாயின், இரண்டும் ஒரே எண்களாலானவை. எழுத்துரு வேறுபாடொன்றே அவற்றைப் பிரிப்பது. வெற்று உரைக்கோப்பில் அவ்வேறுபாடு மறைதலின், மாற்றுங் கருவி ஆங்கிலப் பெயரையுந் தமிழெனக் கொண்டு குலைத்துவிடும். ஆதலின் மூலத்தின் படியொன்றை மாற்றமின்றி வைத்துக்கொண்டு, மாற்றியதை மனிதர் ஒருவர் ஒப்புநோக்கல் இன்றியமையாதது.

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் திஸ்கியில் வெளியிட்ட தன் தமிழ் நூல்களைப் பின்னர் யூனிக்கோட்டுக்கு மாற்றிற்று. எம்முறையில் எழுதப்பட்டன என்பது தெளிவாகப் பதியப்பட்டிருந்தமையின் அப்பணி கைகூடிற்று. கல்லூரி மலர்கள், சங்க அறிக்கைகள், தனியார் ஆக்கங்கள் முதலியவற்றின் பழைய கோப்புகளோ பலவிடங்களில் எவ்வகைக் குறிப்புமின்றிக் கிடக்கின்றன. அவற்றை எழுத்தேற்றியோர் உள்ள காலத்திலேயே இன்ன எழுத்துரு, இன்ன முறை என்று ஒருவரி எழுதி உடன்வைத்தல் வேண்டும். புள்ளியில்லா ஓலையைப் படித்தற்குப் பதிப்பாசிரியர்க்குப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டியிருந்தது. கோப்பைப் படித்தற்கு அவ்வொரு வரியே போதும்.