பூட்டை உடைத்த முதலாளி

அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்தில் ஒரு கம்பெனி. அன்று வாரக் கடைசி. முதலாளிக்கு ஒரு மைக்ராஸ்கோப் தேவைப்பட்டது. சாமான் அறைக்குப் போனார். கருவிகள் இருந்த கூண்டு பூட்டிக் கிடந்தது!

அவர் சாவிக்கு ஆள் அனுப்பவில்லை. தாழ்ப்பாளை உடைத்துத் திறந்தார். இனிமேல் இந்த அறையைப் பூட்டக் கூடாது என்று சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார்.

அவர் பெயர் பில் ஹியூலட். இதை எழுதி வைத்தவர் அவருடைய கூட்டாளி டேவ் பாக்கர்ட். இருவர் பெயரையும் சேர்த்ததுதான் "எச்.பி." கம்பெனி. பிரிண்டரிலும் கம்ப்யூட்டரிலும் அந்த எழுத்துக்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

கார் கொட்டகையில் பிறந்தது

இருவரும் கல்லூரித் தோழர்கள். 1939-ல் பாலோ ஆல்டோ என்ற ஊரில், ஒரு வீட்டின் கார் கொட்டகையில் தொழில் தொடங்கினார்கள். கையில் இருந்த முதல் 538 டாலர். யார் பெயர் முதலில் வருவது? காசைச் சுண்டிப் பார்த்து முடிவு செய்தார்கள்!

அதற்கு முன் பாக்கர்ட், ஜெனரல் எலெக்ட்ரிக் என்ற பெரிய கம்பெனியில் வேலை பார்த்தவர். அங்கே கருவிகளுக்குக் கடுமையான காவல். தொழிலாளிகள் திருடிவிடுவார்களாம்! நடந்தது என்ன? "எங்களைத் திருடர் என்றா நினைக்கிறீர்கள்? அப்படியே ஆகட்டும்" என்பதுபோல், பலர் கைக்குக் கிடைத்ததை எடுத்துப் போனார்கள். சந்தேகமே திருட்டை வளர்த்தது.

ஆகவே எச்.பி.யில் சாமான் அறை திறந்தே இருந்தது. வேண்டியதை எடுத்துக் கொள்ளலாம். வீட்டுக்கும் கொண்டு போகலாம். ஒரு திருகாணிக்கு மூன்று கையெழுத்து வாங்கி அலுத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

முதலாளிகளை எல்லோரும் "பில்", "டேவ்" என்றே அழைத்தார்கள். மானேஜர்கள் தொழிலாளி இருக்கும் இடத்துக்கே நடந்து போய்ப் பேசினார்கள். 1940-களில் ஒரு சிப்பந்திக்குக் காசநோய் வந்தது. இரண்டு வருஷம் வேலைக்கு வர முடியாத நிலை. அந்தக் குடும்பத்துக்குக் கம்பெனி உதவியது. பிறகு, பெரிய நோய் வந்தால் எல்லோருக்கும் கைகொடுக்க இன்ஷூரன்ஸ் ஏற்பாடும் செய்தது.

பத்தில் ஒரு நாள்

1970-ல் வியாபாரம் மந்தமானது. ஆர்டர்கள் குறைந்தன. பத்துப் பேரில் ஒருவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டிய நெருக்கடி.

யாரையும் அனுப்பவில்லை! இரண்டு வாரத்தில் பத்து நாள் வேலைக்குப் பதில் ஒன்பது நாள். சம்பளத்திலும் பத்தில் ஒரு பங்கு குறைவு. கடைநிலை ஊழியர் முதல் தலைவர் வரை எல்லோருக்கும் அதே வெட்டு.

இது லேசான காரியம் அல்ல. சம்பளம் குறைந்தது என்று வீட்டுக்காரர் வாடகையைக் குறைப்பாரா? ஆனாலும் எல்லோரும் தாங்கிக் கொண்டார்கள். சுமார் ஆறு மாதத்தில் ஆர்டர்கள் திரும்பின. பழைய சம்பளமும் திரும்பியது.

2001-ல் நடந்தது

1996-ல் பாக்கர்ட் காலமானார். 1999-ல் கார்லி பியோரினா என்ற பெண்மணி தலைமை நிர்வாகி ஆனார். கம்பெனிக்கு வெளியிலிருந்து வந்தவர் அவர். 2001 ஜனவரியில் ஹியூலட்டும் மறைந்தார்.

அந்த வருஷம் கம்ப்யூட்டர் வியாபாரம் சரிந்தது. விருப்பப்பட்டவர்கள் சம்பளத்தையோ விடுமுறையையோ கொஞ்சம் விட்டுக் கொடுக்கலாம் என்று நிர்வாகம் கேட்டது. கட்டாயம் இல்லை. 80,000 பேருக்கு மேல் சம்மதித்தார்கள்! 1970-ஐ நேரில் கண்ட பழைய கைகளுக்கு எப்படி இருந்திருக்கும்? இந்தத் தடவையும் தப்பிவிடுவோம் என்றுதானே நினைத்திருப்பார்கள்!

சில வாரங்கள்தான் போயின. ஜூலையில் அறிவிப்பு வந்தது: 6,000 பேருக்கு வேலை இல்லை.

மறு வருஷம் காம்பாக் என்ற கம்பெனியை எச்.பி.யோடு இணைக்கும் திட்டம் பங்குதாரர்களின் ஓட்டுக்கு வந்தது. எதிர்த்து நின்றவர் ஹியூலட்டின் மகன் வால்டர். சிறு வித்தியாசத்தில் தோற்றார். அந்த இணைப்பில் சுமார் 15,000 வேலைகளைக் குறைப்பதாக நிர்வாகம் சொல்லியிருந்தது.