கண்ணும் கேட்கிறது



ஜும்ஆ குத்பாவில் இமாம் மிம்பரில் நின்று பேசுகிறார். சத்தம் வருவதோ பக்கத்துச் சுவரில் மாட்டியுள்ள ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து. ஆனாலும் அவர் வாயிலிருந்தே வருவதுபோல் நமக்குத் தோன்றுகிறது. கண் பார்க்கும் உதட்டசைவும் காது கேட்கும் ஒலியும் நேரத்தில் ஒத்துப்போவதால் மூளை இரண்டையும் ஒன்றாக இணைத்துவிடுகிறது.

ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் என்ற இரு உளவியலாளர்கள் 1976-இல் இதுபற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். திரையில் ஒரு பெண்ணின் உதடு, 'காந்தி' என்பதில் வரும் 'கா'வைச் சொன்னது. ஒலியாகச் சேர்த்தது, 'பாய்' என்று கூப்பிடும்போது வரும் 'பா'. பார்த்தவர்களில் மிகப் பலருக்குக் கேட்டதோ, 'டாக்டர்' என்பதில் வரும் 'டா'! கண்ணை மூடிக் கேட்டால் 'பா' சரியாகவே கேட்டது. பேச்சைக் கேட்பதில் கண்ணுக்கும் பங்குண்டு என்பதற்கு இது சான்று.

இதனால் நம் குடும்பங்களுக்கு இரண்டு பாடங்கள் உண்டு.

முதலாவது, பெரியவர்கள். காது மந்தமான வாப்பாவிடமோ உம்மும்மாவிடமோ அடுக்களையில் நின்று கத்திப் பயனில்லை. கத்தினால் உதட்டசைவும் கோணும். முன்னால் வந்து, நம் முகத்தில் வெளிச்சம் படும்படி இருந்து, நிதானமாகப் பேசுங்கள். டிவியை நிறுத்துங்கள். இரைச்சல் கூடக் கூட, பேசுபவர் முகத்தைப் பார்ப்பதால் வரும் உதவியும் கூடும். பார்வை மங்கினால் இந்த உதவி குறைந்துபோகும். ஆகவே கண்புரை இருந்தால் அதையும் கவனியுங்கள். நபி (ஸல்) அவர்கள் ஒருவர் பக்கம் திரும்பினால் முழு உடலோடும் திரும்புவார்கள் என்று ஷமாயில் திர்மிதீயில் வருகிறது. அந்த அழகிய சுன்னத்தை நம் வீட்டுப் பெரியவர்களிடம் கடைப்பிடிப்போம்.

இரண்டாவது, குழந்தைகள். இங்கே கண் செய்யும் உதவியே நம்மை ஏமாற்றிவிடும். காது கேளாத குழந்தையும் நிழலைப் பார்த்துத் திரும்பும். உம்மாவின் முகம் பார்த்துச் சிரிக்கும். கதவு அடைக்கும் அதிர்வு உடலில் பட்டாலே திடுக்கிடும். "பிள்ளைக்கு நல்லா கேக்குது, பேச்சுதான் தாமதம்" என்று நாம் இருந்துவிடுகிறோம். வருடங்கள் போய்விடுகின்றன.

இந்தத் தாமதத்துக்கு விலை உண்டு. பிறவியிலேயே காது கேளாமல், பின்னர் காக்ளியர் கருவி பொருத்தப்பட்ட குழந்தைகளைப் பற்றி 2005-இல் ஓர் ஆய்வு வெளியானது. இரண்டரை வயதுக்கு முன் கருவி பெற்றவர்களிடமே உதட்டசைவையும் ஒலியையும் இணைத்துக் கேட்கும் திறன் சீராக அமைந்திருந்தது. சின்ன வயதில் பழகாததை மூளை பிறகு பழகுவது கடினம்.

எனவே, பிறந்த குழந்தையின் காதில் பாங்கு சொல்லும் நாம், அந்தக் காது கேட்கிறதா என்பதையும் சோதித்துக்கொள்வோம். சோதனையில் வலி இல்லை. குழந்தை தூங்கும்போதே செய்யலாம். குறைமாதத்தில் பிறந்தவர்கள், கடும் மஞ்சள் காமாலை வந்தவர்கள், நெருங்கிய சொந்தத்தில் மணமுடித்தவர்களின் பிள்ளைகள் ஆகியோருக்குக் கூடுதல் கவனம் தேவை. ஆறு மாதமாகியும் பின்னாலிருந்து வரும் குரலுக்குத் திரும்பாவிட்டாலும், ஒரு வயதிலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கவனிக்காவிட்டாலும் காத்திருக்க வேண்டாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். காக்ளியர் அறுவை சிகிச்சைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உதவி உண்டு. வயது வரம்பும் உண்டு. காப்பீட்டு அட்டை, விண்ணப்பம் பற்றி விவரம் வேண்டுவோர் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். கூட வந்து உதவுகிறோம்.

செவியையும் பார்வையையும் இதயத்தையும் தந்தது நாம் நன்றி செலுத்துவதற்காகவே என்று சூரா அந்நஹ்ல் நினைவூட்டுகிறது. அவற்றைக் காலத்தில் பேணுவதும் அந்த நன்றியில் சேரும். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.