முன்னும் பின்னும்: லெஸ்லி லாம்போர்ட்டின் கால ஆராய்ச்சி

ஒரு நிகழ்ச்சி மற்றொன்றற்கு முற்பட்டது என்று கூறுதற்குச் சான்று யாது? கடிகாரம் கையில் இருப்பின் இவ்வினா எளிதெனத் தோன்றும். ஆயின், தொலைவிலுள்ள பல கணினிகள் தம்முள் செய்தி பரிமாறிக்கொண்டு ஒரு தொழிலைச் செய்யுமிடத்து இதுவே பெருஞ்சிக்கலாகிவிடுகின்றது. அமெரிக்கக் கணினி அறிஞர் லெஸ்லி லாம்போர்ட் 1978-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றில் இதற்குக் கண்ட விடை அத்துறைக்கே அடிப்படையாயிற்று. நூல்களின் காலமுறையை ஆராய்வார்க்கும் அது பயன்படும் என்று கருதுதலின், அதனை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

முதற்கண் சிக்கலின் இயல்பை நோக்குவோம். ஒரே கணக்கேட்டின் இருபடிகள் இரண்டு ஊர்களிலுள்ள கணினிகளில் இருப்பதாகக் கொள்க. ஒருவர் தம் கணக்கில் நூறு ரூபாய் செலுத்திப் பின்னர் அதனையே எடுக்கின்றார். செலுத்திய செய்தி வழியில் தாழ்த்து, எடுத்த செய்தி முந்திச் சென்றால், இரண்டாம் கணினி பணமில்லையென்று மறுக்கும். ஏட்டின் இருபடிகளும் தம்முள் முரணும். ஒவ்வொரு செய்தியிலும் நேரத்தைக் குறித்தனுப்பினால் ஆகாதோ எனின், ஆகாது. எவ்விரண்டு கடிகாரங்களும் முற்றும் ஒத்து ஓடுவதில்லை. அவற்றை ஒப்புநோக்கித் திருத்தவும் செய்தியே அனுப்புதல் வேண்டும். அச்செய்தி சென்று சேரும் நேரமோ ஒருகால் குறுகும், ஒருகால் நீளும்.

ஏட்டுப்படிகளை ஒப்பப் பேணுதல் பற்றிப் பால் ஜான்சன், ராபர்ட் தாமஸ் என்னும் இருவர் 1975-இல் ஒரு குறிப்பு வெளியிட்டனர். அதனைக் கற்ற லாம்போர்ட், அவர்தம் முறை சிலவிடங்களில் காரண காரிய முறைமையொடு மாறுபடுதலைக் கண்டார். அவருக்குத் துணைநின்றது ஐன்ஸ்டைன் 1905-இல் வெளியிட்ட சார்புக் கொள்கை. ஒன்றிலிருந்து புறப்பட்ட ஒளியும் மற்றொன்றைச் சென்றடைய இயலாதவாறு அமைந்த இரு நிகழ்ச்சிகளுள் எது முந்தியது என்பதில் நோக்குவார் வேறுபடலாம். ஒன்று மற்றொன்றற்குக் காரணமாயின் அவ்வேறுபாட்டிற்கு இடமில்லை. இவ்வுண்மையைக் கணினிகளுக்குப் பொருத்தி, 'முன் நிகழ்தல்' என்னும் உறவை அவர் மூன்று விதிகளால் வரையறுத்தார். ஒரே கணினியுள் நிகழ்வன தம் வரிசைப்படியே முன்பின் ஆகும். செய்தியை அனுப்புதல் அதனைப் பெறுதற்கு முற்பட்டது. முதலாவது இரண்டாவதற்கும், இரண்டாவது மூன்றாவதற்கும் முற்பட்டனவாயின், முதலாவது மூன்றாவதற்கு முற்பட்டதேயாம். இம்மூன்றனுள் அடங்காத இரு நிகழ்ச்சிகள் தம்முள் முன்பின் இல்லாதன. ஆகவே, இவ்வுறவால் கிடைப்பது முழுவரிசையன்று, பகுதி வரிசையே.

இதனை எண்ணால் காட்டவும் அவர் வழி வகுத்தார். ஒவ்வொரு கணினியும் ஓர் எண்ணை வைத்துக்கொண்டு, நிகழ்ச்சிதோறும் அதனைக் கூட்டும். செய்தி அனுப்புங்கால் அவ்வெண்ணையும் உடன் அனுப்பும். பெறும் கணினி, தன் எண், வந்த எண் ஆகிய இரண்டினும் மிக்கதோர் எண்ணைக் கொள்ளும். முதற்கணினி 7 என்னும் எண்ணுடன் அனுப்பிய செய்தியை 3-இல் நிற்கும் இரண்டாம் கணினி பெறின், அப்பெறுதலுக்கு 8 என எண்ணிடும். எண்கள் ஒத்துவருமாயின், கணினிகளுக்கு முன்னரே வகுத்துவைத்த வரிசையைக்கொண்டு முடிவு செய்யலாம். இவ்வாறு நிகழ்ச்சிகள் அனைத்தையும் ஒரே நிரலில் நிறுத்துதல் கூடும். ஒரு பொதுப்பொருளைப் பலர் முறைவைத்துப் பயன்படுத்துதற்கு அந்நிரல் பெரிதும் உதவும்.

ஈண்டு நுணுகி நோக்கற்பாலது ஒன்றுண்டு. முற்பட்டதன் எண் சிறியதாதல் உறுதி. ஆனால் எண் சிறியதாயிருத்தலான் முற்பட்டதென முடிவு கூறுதல் பிழை. இவ்விரண்டு கணினிகளோடும் தொடர்பற்ற மூன்றாம் கணினியில் 5 என்னும் எண்ணுடன் ஒன்று நிகழ்ந்திருக்கலாம். அஃது 7-க்கு முற்பட்டதென்பதற்குச் சான்று யாதுமில்லை. முழுவரிசை வசதிக்காக நாம் வகுத்துக்கொள்வது; பகுதி வரிசையே சான்று தருவது. இக்குறையை நீக்க, காலின் ஃபிட்ஜ், ஃப்ரீடமான் மாட்டர்ன் ஆகிய இருவரும் 1980-களின் இறுதியில் தனித்தனியே ஒரு வழி கண்டனர். கணினி ஒவ்வொன்றற்கும் ஒவ்வோர் எண்ணாக, ஓர் எண்தொகுதியையே அவர்கள் நிகழ்ச்சிக்கு இட்டனர். இரு தொகுதிகளை ஒப்பிட்டால், முன்பின் உண்டா, இல்லையா என்பது ஐயமின்றித் தெளிவாகும். பகிர்ந்தியங்கும் கணினியமைப்புகள் பற்றிய பல்வேறு ஆய்வுகளுக்காக லாம்போர்ட்டிற்கு 2013-ஆம் ஆண்டிற்குரிய டூரிங் விருது வழங்கப்பெற்றது.

தமிழாராய்வார் இதனின்று கொள்ளத்தக்கது யாது? ஆண்டுக்குறிப்பில்லாத நூல்களுக்கு நாமும் செய்தியின் வழியே முன்பின் காண்கின்றோம். சேனாவரையர் இளம்பூரணர் உரையை மறுத்தலானும், நச்சினார்க்கினியர் சேனாவரையர் கருத்தை ஆராய்தலானும் இம்மூவர்தம் வரிசை பெறப்படும். இஃது உறுதியான சங்கிலி. ஒன்றையொன்று அறியாத இருநூல்களைப் பொறுத்தவரை நிலை வேறு. அவற்றிற்கும் நூற்றாண்டு குறித்து ஒரே நிரலில் அடுக்கி, பின்னர் அந்நிரலையே சான்றாக்கி மொழி வளர்ச்சியை நிறுவப் புகுதல், 5-ஐ 7-க்கு முற்பட்டதெனக் கொள்ளுதல் போல்வதாம்.

எனினும் இவ்வொப்புமைக்கு எல்லையுண்டு. கணினியில் அனுப்பிய செய்திகள் யாவும் கணக்கில் உள்ளன. நமக்கோ இடைநின்ற நூல்கள் பல மறைந்தொழிந்தன. ஆகலின் இருநூல்களிடைத் தொடர்பு காணப்படாமை, தொடர்பின்மைக்குச் சான்றாகாது. 'முன்பின் இல்லை' என்பதும் 'முன்பின் அறியோம்' என்பதும் வேறு வேறாகும். காலநிரல் வகுப்போர், சான்றால் பெற்ற முன்பின் இவை, வசதிக்கென அடுக்கியவை இவை என்று பிரித்துக் காட்டுவாராயின், பின்வரும் ஆராய்ச்சியாளர் முன்னதைக் கைக்கொண்டு பின்னதை அச்சமின்றி மாற்றியமைக்க இயலும்.