இலவசக் கணினியும் எதிர்பாராத கட்டணமும்

செங்கலடிக்கு ஒருபுறம் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம், மறுபுறம் ஏறாவூர். மென்பொருள் பயிலும் தமிழ், முஸ்லிம் மாணவர்களும், கடைகளுக்கு இணையத்தளம் அமைத்துக் கொடுக்கும் இளைஞர்களும் இப்பகுதியில் உள்ளனர். மேகக் கணினிச் சேவைகளின் 'இலவசம்' என்ற அறிவிப்பு இவர்களைக் கவர்வது இயல்பே. ஆனால், பதிவு செய்யும்போதே கடனட்டை இலக்கம் கேட்கப்படுகிறது. சொந்த அட்டை இல்லாத மாணவன் தகப்பனிடம் கேட்டுத்தானே கொடுக்க வேண்டும்? ஆதலால் இது குடும்பத்தின் காரியமுமாகிறது.

மேகக் கணினி என்பது வேறெங்கோ இயங்கும் கணினியை வாடகைக்குப் பெறுவதாகும். எனினும் அது வீட்டு வாடகை போன்றதன்று, மின்மானி போன்றது. நாம் உறங்கினாலும் மானி சுழலும்.

நிறுவனத்துக்கு நிறுவனம் நிபந்தனை வேறுபடுகிறது. கூகுள் 90 நாட்களுக்கு 300 டொலரும், மைக்ரோசொப்ட் அசூர் 30 நாட்களுக்கு 200 டொலரும் வரவாகத் தருகின்றன. கட்டணக் கணக்குக்கு நாமாக மாறினாலன்றி இவ்விரண்டும் அதன்பின் பணம் அறவிடுவதில்லை. அமேசனில் 2025 ஜூலை 15இற்கு முன்னர் கணக்குத் திறந்தோருக்கு இந்தப் பாதுகாப்பு இருக்கவில்லை. 12 மாதங்களுக்கு, மாதத்துக்கு 750 மணித்தியாலம் சிறிய கணினியொன்று இலவசம். எல்லை கடந்தால் அட்டையில் கட்டணம். 31 நாள் மாதத்தில் 744 மணித்தியாலங்களே உண்டு. எனவே ஒரு கணினிக்கு அது போதும். இரண்டை இயக்கினால் அரை மாதத்தில் முடிந்துவிடும். அத்திகதிக்குப் பின் வந்த புதிய இலவசத் திட்டம் ஆறு மாதத்தில், அல்லது வரவு தீர்ந்ததும், தானாக மூடப்படுகிறது. இது வரவேற்கத்தக்க மாற்றம்.

கட்டணக் கணக்கு வைத்திருப்போர் பலர் இடறுவது வேறோரிடத்தில். கணினியை நிறுத்திவிட்டால் கட்டணமும் நின்றுவிடும் என நம்புகின்றனர். நிறுத்தப்பட்ட கணினியின் சேமிப்பு வட்டுக்குக் கட்டணம் தொடரும். ஒதுக்கி வைத்த நிலையான பொது முகவரிக்கு அமேசன் மணிக்கு அரை அமெரிக்கச் சதம் அறவிடுகிறது. அற்பமாகத் தோன்றினும் மாதத்துக்கு அது 3.60 டொலர், டொலரை 300 ரூபா எனக் கொண்டால் 1,080 ரூபா. நிறுத்துவது போதாது, நீக்கவே வேண்டும்.

வரவுசெலவு எச்சரிக்கை அமைத்துவிட்டோம் என்று நிம்மதி கொள்வோரும் உளர். அது மின்னஞ்சல் அனுப்புமேயன்றிச் சேவையைத் துண்டிக்காது. அந்த மின்னஞ்சலும் தாமதித்தே வரலாம். 2024இல் அமேசனின் வெறுமையான சேமிப்பகம் ஒன்றை வைத்திருந்த மென்பொருளாளர் ஒருவருக்கு, அந்நியர்களின் கணினிகள் அனுப்பிய சுமார் பத்துக் கோடி கோரிக்கைகளால் ஒரே நாளில் 1,300 டொலருக்கு மேற்பட்ட கட்டணம் வந்தது. அமேசன் அத்தொகையைத் தள்ளுபடி செய்ததோடு, 2024 மே மாதத்தில் விதியையும் மாற்றியது. இத்தனைக்கும் அவர் அனுபவசாலி!

இரகசியச் சாவியைக் கிட்ஹப்பில் தவறுதலாகப் பகிரங்கப்படுத்துவது இதைவிட ஆபத்தானது. அதைக் கண்டெடுப்பவர் நமது செலவில் எத்தனை கணினியையும் இயக்குவார்.

பெருந்தொகை வந்துவிட்டால் அட்டையை முடக்குவதோடு விட்டுவிடலாகாது. கடன் நிலுவையாகவே நிற்கும். முதலில் எல்லாப் பிராந்தியங்களிலும் இயங்குபவற்றை நீக்கி, சாவிகளை இரத்துச் செய்து, நடந்ததை நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு எழுத வேண்டும். தள்ளுபடி அவர்களது விருப்பத்துக்குட்பட்டது என்பதால், அக்கடிதம் தாமதமின்றி அன்றே போவது நல்லது.