மலிவு கார்டில் எதை மிச்சம் பிடித்தார்கள்?



நெட்வொர்க் என்றதும் கேபிளைப் பற்றிப் பேசுவோம், சர்வரைப் பற்றிப் பேசுவோம். கேபிளைக் கணிப்பொறியோடு சேர்க்கிற கார்டை மட்டும் யாரும் கண்டுகொள்வதில்லை. 1980களில் பி.சி.க்குள் செருகிய ஈதர்நெட் கார்டுகள் எல்லாமே செகண்டுக்கு 10 மெகாபிட் என்றுதான் சொல்லிக்கொண்டன. அப்புறம் ஏன் ஒன்று மலிவு, இன்னொன்று விலை ஜாஸ்தி? நாளைக்கு ஒரு ஆபீசில் “எதை வாங்கலாம்?” என்று நம்மைத்தான் கேட்பார்கள். என்னைப் பொறுத்தவரை பார்க்க வேண்டியது இரண்டே விஷயம்: வந்த பாக்கெட்டைக் கார்டு எங்கே வைக்கிறது? அதை மெமரிக்கு யார் சுமக்கிறார்கள்?

3காம் கம்பெனி 1982இல் ஐ.பி.எம். பி.சி.க்கு ஈதர்லிங்க் கார்டைக் கொண்டுவந்தது. அந்த வரிசையில் வந்த 3சி501இல் பஃபர் 2 கே.பி.தான். அனுப்புவதற்கும் வாங்குவதற்கும் அதே இடம். ஈதர்நெட்டின் பெரிய பாக்கெட் 1518 பைட், ஆக ஒன்றுதான் உள்ளே அடங்கும். அடுத்தது 9.6 மைக்ரோ செகண்டு இடைவெளியிலேயே வந்து நிற்கலாம். முதல் பாக்கெட்டை சி.பி.யு. காலி செய்து முடிப்பதற்குள் அது போயே போச்சு! அனுப்பியவர் காத்திருந்து மறுபடி அனுப்ப வேண்டும். 10 மெகாபிட் என்பது காகிதத்தில்தான்.

1987இல் நோவெல் தன் நெட்வேர் பரவுவதற்காக என்.இ.1000, என்.இ.2000 என்று மலிவு கார்டுகளை இறக்கியது. உள்ளே இருந்தது நேஷனல் செமிகண்டக்டரின் டி.பி.8390 சிப். 8 பிட் என்.இ.1000க்கு 8 கே.பி. பஃபர், 16 பிட் என்.இ.2000க்கு 16 கே.பி. இந்த சிப் பஃபரை 256 பைட் பக்கங்களாகப் பிரித்து வட்டமாக நிரப்பும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 16 கே.பி. என்றால் 64 பக்கம். அனுப்புவதற்கு 6 பக்கம் ஒதுக்கினால் மீதி 58. பெரிய பாக்கெட் ஒன்றுக்கு 6 பக்கம் போனால், ஒன்பது பாக்கெட் வரிசையில் காத்திருக்கலாம். 3சி501 எங்கே, இது எங்கே!

ஆனால் சுமக்கிற வேலை சி.பி.யு. தலையில்தான். ஐ/ஓ போர்ட் வழியாக இரண்டிரண்டு பைட்டாக, ஒரு பெரிய பாக்கெட்டுக்கு 759 முறை படிக்க வேண்டும். டாஸில் ஒரே ஒரு வேலை ஓடும்போது இது உறைக்காது. நாலு பேருக்குப் பதில் சொல்கிற சர்வரில் நன்றாகவே உறைக்கும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் டபிள்யூ.டி.8003இலும் அதே வகை சிப்தான். ஆனால் அதன் பஃபர் 640 கே.பி.க்கு மேலே பி.சி.யின் மெமரி போலவே தெரியும், நேராக எடுத்துக்கொள்ளலாம். ஒரே தொல்லை, அந்த இடத்தைத் தொடாதே என்று இ.எம்.எம்.386க்குச் சொல்லிவைக்க வேண்டும்.

தொல்லை என்றதும் ஜம்பர் ஞாபகம் வருகிறது. என்.இ.2000 கம்பெனியிலிருந்து வரும்போதே ஐ.ஆர்.க்யூ. 3இல் இருக்கும். காம்2வும் அதே 3தான். மோடம் உள்ள மெஷினில் ஜம்பரை மாற்றாவிட்டால் சண்டைதான்.

இவ்வளவுக்கும் பிறகு ஊரெல்லாம் பரவியது என்.இ.2000 மாதிரியே. எங்கெங்கோ காப்பி அடித்தார்கள், ரியல்டெக் ஆர்.டி.எல்.8019 என்று ஒரே சிப்பில் அடக்கினார்கள். டிரைவர் எல்லா இடத்திலும் ரெடியாக இருந்ததே பெரிய பலம். அசல் கார்டின் பிராமில் 14, 15ஆம் பைட்டுகளில் ஹெக்ஸ் 57, அதாவது ‘டபிள்யூ’ எழுத்து, இருக்கும். டிரைவர் அதைப் பார்த்துத்தான் நம்பும். சில காப்பிகளில் அதுகூட கிடையாது, அவற்றுக்காக லினக்ஸ் டிரைவரில் தனிப் பட்டியலே போட்டார்கள்.

பி.சி.ஐ., 100 மெகாபிட் காலத்திலும் மலிவு இதே இடத்தில்தான் கை வைத்தது. ஆர்.டி.எல்.8139 தானே மெமரிக்குள் எழுதும், சரி. ஆனால் பாக்கெட்டுகளை ஒரே வட்டத்தில் அடுத்தடுத்துக் கொட்டிவிடும். அங்கிருந்து சி.பி.யு. இன்னொரு முறை காப்பி எடுக்க வேண்டும். டெக் 21140 போன்ற சிப்புகள் பாக்கெட்டுக்குத் தனித்தனி இடம் வைத்து அந்த வேலையை மிச்சப்படுத்தின. என்னைக் கேட்டிருந்தால் டாஸ் மெஷின்களுக்கு என்.இ.2000 போதும், சர்வருக்கு மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

கார்டு கிடைக்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். க்யூஎமு எமுலேட்டரில் என்.இ.2000, ஆர்.டி.எல்.8139 இரண்டுமே உண்டு. என்.இ.2000 கார்டை ஹெக்ஸ் 300 அட்ரஸில் வைத்து, முதல் வேலையாக அந்த பிராமைப் படிக்க ஒரு சின்ன புரோகிராம் எழுதிப் பாருங்கள். 57 வந்தால், பஃபர் பக்கங்களை நிரப்பும் வேலைக்குப் போகலாம்.